ஏழு மாதச் சினைக் காளையும் ஒரு குட்டி லேப்டாப்பும்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஷர்மிளா போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு கால்நடை ஆய்வாளராக என் நாற்காலிக்கு வந்தவர்.

"மேடம், அந்தக் குட்டி லேப்டாப் எல்லாத்தையும் கழிக்கப் போறாங்க. இப்பதான் எல்லாரும் போன்லயே ஏத்திடுறோம்ல. அலமாரியைச் சுத்தம் பண்ணுனேன். ஒண்ணுல மட்டும் கீபோர்டு பூரா கஞ்சி ஊத்துன மாதிரி வெள்ளையாக் காஞ்சு கெடக்கு. என்னன்னு கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்களே தவிர சொல்ல மாட்டேங்கிறாங்க."

"அது எச்சில்ம்மா," என்றேன்.

"யாரோடது மேடம்?"

"தங்கத்தோடது."

"தங்கம் யாரு? நம்ம ஸ்டாஃபா?"

இதற்குப் போனில் பதில் சொல்லி மாளாது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே கொஞ்சம் முன்னிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஆவூர்க்காரி. பெயர் சகாயமேரி. பள்ளி முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக்குத்தான் விண்ணப்பம் போட்டேன். கிடைத்தது கால்நடைப் பயிற்சி. பிள்ளைகளுக்குப் பதில் மாடுகள், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார் அப்பா. பயிற்சியில் முதல் வாரமே ஓர் எருமை என் காலை மிதித்தது. மிச்சத்தை எல்லாம் அதன் பிறகு கற்றுக்கொண்டேன். ஊசி போடுவது, சினை பார்ப்பது, கோமாரிக்குத் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து. ஊர்ப்பக்கம் எல்லோரும் என்னை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர் என்று சொல்லிப் பார்த்தேன். "சரிங்க டாக்டரம்மா," என்றார்கள். விட்டுவிட்டேன்.

உண்மையான டாக்டர் என் மேலதிகாரி ஆளவந்தார். சொந்த ஊர் ஆவுடையார்கோவில். அவரைப் போல் மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. மனிதர்களுக்கு மட்டுமல்ல, மாடுகளுக்கும் அவர் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "வாயைத் தெறங்க. இன்னும் கொஞ்சம். ஆங், போதுங்க," என்று பசுவிடம் சொல்வார். எந்த வேலைக்கு முன்பும் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவுவார். பிறகு என்ன செய்யப் போகிறார் என்பதைச் சத்தமாக அறிவிப்பார். "இப்ப வெப்பம் பாக்கப் போறேன்." அறிவிப்பு எங்களுக்கா மாட்டுக்கா என்று தெரியாது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதைச் செய்துவிட வேண்டும், அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

அந்தக் குட்டி லேப்டாப் எங்களுக்கு வந்தது புதுக்கோட்டையில் நடந்த ஒரு கூட்டத்தில். இனிமேல் ஒவ்வொரு மாட்டையும் அது நிற்கும் இடத்துக்கே போய், காதில் எண் வில்லை குத்தி, அங்கேயே கணினியில் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுக்கு ஒன்று. இருப்பதிலேயே விலை குறைந்த ரகம் என்று சொல்லாமலே தெரிந்தது. மூடியைத் திறந்தால் 'கிறீச்' என்று முனகியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "இது வளருமா, இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

டாக்டர் ஆளவந்தார் தம் லேப்டாப்பை மேசையில் வைத்து முதலில் சுற்றி வந்து பார்த்தார். பிறகு குட்டி ஆடுகளை எடை போடும் தொங்கு தராசில் மாட்டினார். "பொறந்த வெள்ளாட்டுக் குட்டியை விடக் கம்மியா இருக்காங்களே," என்றார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை அதன் முதுகில் வைத்துக் கேட்டார். பெரிய கணினியில் உள்ளே காற்றாடி ஓடும். இந்த மலிவுக் குட்டியில் அது கிடையாது.

"மூச்சுச் சத்தமே இல்லை மேரிம்மா. ஆனா கண்ணு முழிச்சிருக்காங்க," என்றார்.

முதல் சில நாட்களில் எனக்குத் தோன்றியவற்றை அப்படியே சொல்கிறேன். தூக்க சுகம். தடுப்பூசி வைக்கும் ஐஸ் பெட்டியின் மேல் வைத்தால் வண்டியில் ஆடாமல் வரும். எழுத்துப் பொத்தான்கள் பாசிமணி மாதிரி. நான் ஒன்றை அழுத்தினால் பக்கத்துப் பொத்தானும் கூட வரும். 'மாடு' என்று அடித்தால் 'மமாடடு' என்று விழும். வெயிலில் திரை தெரியாது. சேலை முந்தானையைத் தலையோடு சேர்த்து அதன் மேல் போட்டுக்கொண்டு உள்ளே குனிந்து அடிப்பேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் டாக்டரம்மா சளிக்கு ஆவி பிடிக்கிறார் என்று நினைத்தார்கள். பெரிய குறை, அதன் கேமரா. முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. மாட்டைப் படம் எடுக்க வேண்டுமானால் திரையை மாட்டுக்குக் காட்டியபடி திருப்பி வைக்க வேண்டும். மாடு தன் முகத்தைத் தானே பார்க்கும். படம் சரியாக விழுந்ததா என்று எனக்குத் தெரியாது, மாட்டுக்குத்தான் தெரியும்.

மாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சில வெட்கப்பட்டுத் திரும்பிக்கொள்ளும். ஒரு ஜெர்சிப் பசு தன்னைப் பார்த்து மிரண்டு, கட்டுத்தறியோடு கிளம்பிப் போய்விட்டது. ஒரு பெரியவர் மாட்டை ஓட்டிவிட்டுத் தாமே முன்னால் வந்து நின்று, கேமராவுக்கு முழங்காலைக் காட்டி, "இதுக்கும் என்னன்னு அந்தப் பொட்டிக்கிட்ட கேளுங்களேன்," என்றார்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் தங்கம் வந்தது.

திருவரங்குளத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். அங்கே செல்வம் என்பவருடைய ஜல்லிக்கட்டுக் காளையின் பெயர்தான் தங்கம். கருகருவென்று, திமில் ஒரு பக்கம் சாய்ந்து, கொம்பு இரண்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். செல்வம் அதைக் கன்றிலிருந்து வளர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். இரண்டு வருடமாகத் தீனி வைத்து, மண் குத்தப் பழக்கி, நீச்சல் விட்டதெல்லாம் அவர் மனைவி பானுமதி. வாடிவாசலில் தங்கம் இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு செல்வம் வந்திருந்தார்.

வந்த அன்றே தங்கம் அவரை முட்ட விரட்டிவிட்டது.

நான் போனபோது செல்வம் வைக்கோல் போரின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். கீழே தங்கம் நின்றது.

"ஏங்க அங்கிட்டு ஏறி உக்காந்துருக்கீங்க?"

"கீழ எறங்க விட மாட்டேங்குது டாக்டரம்மா. என்னை அதுக்கு அடையாளம் தெரியலை," என்றார். கிட்டத்தட்ட அழுதுவிடும் குரல்.

பானுமதி தங்கத்தின் கழுத்தைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். "தெனம் இவுங்க வீடியோ கால்ல வருவாங்கல்ல, அப்ப போனைத் தங்கத்துக்கிட்ட காட்டுவேன். 'தங்கம், சாப்டியா'ன்னு கேப்பாங்க. அது போனை நக்கிக் குடுக்கும். ரெண்டு வருசமா அப்படித்தான். அதுக்குத் தெரிஞ்ச இவுங்க இம்புட்டுத்தான்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இப்ப இம்மாம் பெரிசா வந்து நின்னா, யாரோ களவாணின்னு நெனைக்குது."

ஜல்லிக்கட்டுக்கு மாட்டின் உடல்தகுதிப் பதிவு மறுநாள் மாலையோடு முடிகிறது. நான் வேலையைத் தொடங்கினேன். பல் பார்த்தேன், உயரம் அளந்தேன், கண்ணில் நீர் வடிகிறதா, கொம்பைச் சீவியிருக்கிறார்களா என்று பார்த்தேன். பானுமதி கூட நின்றதால் தங்கம் பொறுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். கடைசியாக உரிமையாளரும் மாடும் சேர்ந்து ஒரு படம். லேப்டாப்பை மாட்டுக்குக் கழனித்தண்ணீர் வைக்கும் தொட்டியின் விளிம்பில், திரையை மாட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன். செல்வத்தை அங்கேயே, போரின் மேலேயே, மாட்டுக்குப் பின்னால் தெரிகிற மாதிரி நிற்கச் சொன்னேன்.

திரையில் தங்கத்தின் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால், உள்ளங்கை அளவில், செல்வம் தெரிந்தார்.

நான் பொத்தானை அழுத்தக் கையை நீட்டுவதற்குள் தங்கம் இரண்டு எட்டு முன்னால் வந்து, அன்போடு ஒரு நக்கு நக்கியது. காளை மாட்டு நாக்கு சொரசொரவென்று முறம் அகலத்துக்கு இருக்கும். திரையில் தொடங்கி, பொத்தான்கள் வழியாகக் கீழே வந்தது. திரும்ப மேலே போனது. "ஏய், ஏய்!" என்று நான் கத்தினேன். மூன்றாவது நக்கில் லேப்டாப் 'டிங்' என்றது.

எடுத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். பச்சை நிறத்தில் 'பதிவு நிறைவுற்றது' என்று இருந்தது. அதற்குக் கீழே வாசித்தேன். பெயர்: தங்கம். பாலினம்: பெண். சினை: ஆம். மாதம்: ஏழு.

செல்வத்தின் போன் போரின் மேல் மணியடித்தது. அவர் செய்தியை உரக்கவே வாசித்துவிட்டார். "வாழ்த்துகள். தங்கள் பசு தங்கம் ஏழு மாதச் சினையாக உள்ளது. சத்தான தீவனமும் தாது உப்பும் அளிக்கவும். நீண்ட தூரம் நடத்திச் செல்ல வேண்டாம்." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா, ஜல்லிக்கட்டுல பசுவை விட மாட்டாங்களே?"

விட மாட்டார்கள். சினைப் பசுவை வாடிவாசல் பக்கமே கொண்டுபோக முடியாது.

தலைமையிடத்து உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நிதானமானவர்.

"மேடம், பாலினத்தை மாத்தலாம். ஆனா சினை மாடுன்னு இருக்கே. சினை மாட்டோட பாலினத்தை மாத்த சிஸ்டம் விடாது. மொதல்ல சினை இல்லைன்னு ஆகணும்."

"ஆக்கிடுங்க சார்."

"அதுக்கு ரெண்டு வழிதான் மேடம். ஒண்ணு, கன்னு போடணும்."

"சார், அது காளை."

"அது நீங்க சொல்றது மேடம். இங்க பசுன்னு இருக்கு. பேரும் தங்கம்னு இருக்கு. பொருந்துதே?"

"ரெண்டாவது வழி?"

"டாக்டர் கையை உள்ள விட்டுப் பாத்து, சினை இல்லைன்னு போட்டோவோட ஏத்தணும்."

இதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. பரப்பியவர் பானுமதியின் அண்ணன் ராசு. பக்கத்து ஊர், அவரும் காளை வைத்திருப்பவர். மறுநாள் காலை நானும் டாக்டர் ஆளவந்தாரும் ஜீப்பில் போய் இறங்கினால், தெருமுனையில் மேளச்சத்தம். ராசு தலைமையில் பத்துப் பேர் தாம்பாளத்தோடு வருகிறார்கள். தட்டில் கண்ணாடி வளையல், சந்தனம், குங்குமம், புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச்சோறு.

"என்ன விசேஷங்க?" என்று டாக்டர் ஒருவரைக் கேட்டார்.

"தங்கத்துக்கு வளைகாப்புங்கய்யா."

டாக்டர் தலையை ஆட்டினார். "ஏழாம் மாசம். சரிதான்," என்றார். கிண்டலா உண்மையா என்று முகத்தில் தெரியவில்லை.

பானுமதி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். "அண்ணே, நான் மாசமா இருந்தப்ப ஒத்த வளையல் கொண்டாந்தியா நீ? இப்ப மாட்டுக்குக் கொண்டாந்துட்டியா?"

ராசு சிரிப்பதை நிறுத்திவிட்டார். மேளக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. பானுமதி தாம்பாளத்தை வெடுக்கென்று பிடுங்கினார். வளையல்களைத் தம் கையில் மாட்டிக்கொண்டார். மூன்று சோற்றையும் தங்கத்துக்கு வைத்தார். அது எலுமிச்சைச் சோற்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்றது.

டாக்டர் கை கழுவினார். தோள் வரை வரும் நீளமான உறையைப் போட்டுக்கொண்டார். ஊரே வேலிக்கு வெளியே நின்றது. நான் மெல்லக் கேட்டேன்.

"சார், கண்ணால பாத்தாலே தெரியுதே. எதுக்கு சார் இந்த வேலை?"

"தெரியுதுங்கறது வேற, பாத்தாச்சுங்கறது வேற மேரிம்மா. கையை விட்டுப் பாக்கணும்னு இருக்கு. பாத்துருவோம். காளைங்களுக்கும் உள்ள சுரப்பி பாக்குறது உண்டுதானே. என்ன, அதுக்கு இரும்புச் சட்டத்துல நிறுத்துவோம். இவங்க இங்க சும்மா நிக்கிறாங்க."

அதுதான் சிக்கல். கொம்புக் காளைக்குப் பின்னால் போய் நிற்பதே உயிரோடு விளையாட்டு. பானுமதி பிடித்துக்கொண்டால்கூட இந்த அளவுக்குத் தங்கம் பொறுக்காது. யோசித்து, கடைசியில் லேப்டாப்பையே எடுத்தோம். செல்வம் வீட்டுக்குள்ளே போய் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் வீடியோ கால் போட வேண்டும். நான் லேப்டாப்பில் அதை எடுத்துத் தங்கத்தின் முகத்துக்கு நேரே, இந்த முறை நாக்குக்கு எட்டாத தூரத்தில், பிடித்துக்கொள்ள வேண்டும். படம் எடுப்பது பானுமதி, தம் போனில்.

திரையில் செல்வம் வந்தார். தங்கத்தின் காது இரண்டும் முன்னால் வந்தன.

"தங்கம், சாப்டியாடா?"

தங்கம் மணியாட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"தங்கம், தப்பா எடுத்துக்காதீங்க. கவர்மெண்டு வேலை," என்றார் டாக்டர் பின்னாலிருந்து. "இப்ப உள்ள பாக்கப் போறேன்."

செல்வம் பேசிக்கொண்டே இருந்தார். முதலில் என்ன பேசுவதென்று தெரியாமல் சாப்பாட்டையே கேட்டார். பிறகு மெல்ல மெல்ல மனசில் இருந்தது வெளியே வந்துவிட்டது. "ஏன்டா என்னை வெரட்டுற? ஒன்னைப் பாக்கத்தான்டா வந்தேன். அங்க ரூம்ல பன்னெண்டு பேருடா. எல்லாரும் பொண்டாட்டி புள்ள போட்டோ வச்சிருக்கான். நான் ஒன் போட்டோவையும் சேத்து வச்சிருக்கேன். சிரிக்கிறானுவ." வேலிக்கு வெளியே யாரும் இப்போது சிரிக்கவில்லை.

பின்னால் டாக்டரின் குரல், பாடம் ஒப்பிப்பது போல. "கருப்பை, இல்லை. கன்று, இல்லை. சுரப்பிகள், நல்ல நிலையில். மாடு... ஆண். எழுதிக்கோங்க மேரிம்மா."

எப்படி எழுதுவது? இரண்டு கையாலும் லேப்டாப்பைப் பிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பேட்டரி தீர்ந்து திரை அணைந்துவிட்டது.

தங்கம் அணைந்த திரையைப் பார்த்தது. பிறகு தனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அதற்கு அப்போதுதான் உறைத்தது போலும். ஒரே உதறல். டாக்டர் உறையோடு வைக்கோல் போருக்குள் போய் விழுந்தார். முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது. எல்லோரும் "ஏய், ஏய்" என்று சிதறினார்கள். தங்கம் யாரையும் பார்க்கவில்லை. காதைத் திருப்பிக் கேட்டது. அடுப்படிக்குள்ளிருந்து, போன் இணைப்பு அறுந்தது தெரியாமல் செல்வம் இன்னமும் பேசிக்கொண்டிருந்தார்.

தங்கம் நேரே வீட்டுக்குள் போனது. ஒரு தள்ளு, அடுப்படிக் கதவு திறந்துகொண்டது. பானுமதி "அய்யோ!" என்று பின்னால் ஓடினார். நானும் ஓடினேன்.

செல்வம் கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றார். போன் கையில். தங்கம் போனை முகர்ந்தது. திரையில் ஒன்றுமில்லை. "தங்கம்," என்றார் செல்வம். அது போனை விட்டுவிட்டு அவர் வாயை முகர்ந்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டது. பிறகு கழுத்திலிருந்து நெற்றி வரை, மூக்கு கண் எல்லாம் சேர்த்து, ஒரே நக்கு. மறுபடி ஒன்று. செல்வத்தின் முகம் சிவந்து தோல் உரிந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பானுமதி வளையல் கையால் இரண்டு பேரின் முதுகையும் தட்டிக்கொடுத்தார்.

வைக்கோலை உதறிக்கொண்டே வந்த டாக்டர் வாசலில் நின்று பார்த்தார். "போட்டோ எடுத்தீங்களாம்மா?" என்று பானுமதியைக் கேட்டார். எடுத்திருந்தார். அரைமணி நேரம் சார்ஜ் போட்டு, அந்த எச்சில் ஒட்டிய பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கி, பானுமதி எடுத்த படத்தையும் சேர்த்து ஏற்றினேன். சினை இல்லை. ஆண். பச்சை எழுத்து வந்தது. பதிவு முடிய இன்னும் நேரம் இருந்தது.

ஜல்லிக்கட்டு அன்று எனக்கும் டாக்டருக்கும் வாடிவாசலுக்குப் பக்கத்திலேயே பணி. ராசுவின் காளை முதலில் வந்தது. ஒல்லியான ஒருவர் திமிலைப் பிடித்து மூன்று துள்ளலுக்கும் தொங்கி அதை அடக்கிவிட்டார். பிறகு செல்வம் தங்கத்தைக் கூட்டி வந்தார். மைக்கில் பேசியவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "அடுத்து வருவது செல்வம் வீட்டுத் தங்கம்! மாடுபிடி வீரர்களே, பாத்துப் பிடிங்க, வாயும் வயிறுமா வருது!" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செல்வம் தலை நிமிரவில்லை. கயிற்றை உருவிவிட்டார்.

தங்கம் ஓடவில்லை. வெளியே வந்து நின்றது. நின்று சுற்றிப் பார்த்தது. சிரித்தவர்கள் எல்லோரும் தடுப்பின் மேல் ஏறினார்கள். கிட்டே வந்த ஒருவரை வலப்பக்கம் அனுப்பியது, இன்னொருவரை இடப்பக்கம். மண்ணைக் கொம்பால் குத்தி எறிந்தது. அதன் பிறகு யாரும் வரவில்லை. களத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவசரமே இல்லாமல், செல்வம் காத்து நின்ற பக்கம் போய் அவர் அக்குளில் மூக்கை நுழைத்துக்கொண்டது.

சிறந்த காளை தங்கம்தான். மாலையில் பரிசு கொடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். விழாக்குழுவினர் அந்த வருடம் சிறந்த காளைக்கு வைத்திருந்த பரிசு, கன்றோடு ஒரு கறவைப் பசு. செல்வத்தின் ஒரு கையில் தங்கத்தின் கயிறு, மறுகையில் பசுவின் கயிறு, நடுவில் வாலைத் தூக்கிக்கொண்டு குதிக்கும் கன்று. மைக்கில் பேசியவர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

"சுகப்பிரசவம்! தாயும் சேயும் நலம்!"

ராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். பானுமதி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் டாக்டர் ஆளவந்தாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சோப்பை எடுத்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பசுவும் கன்னும் கைமாறியிருக்கு மேரிம்மா. அந்தக் குட்டிப் பெட்டியை எடுங்க, பதிஞ்சிருவோம்," என்றார். நான் திறந்தேன். அவர் கன்றுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். "கொஞ்சம் வாலைத் தூக்குங்க. ஆங்." நிமிர்ந்தார். "கிடேரிக் கன்னு, பொண்ணுதான். எதுக்கும் நீங்களும் ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டு அடிங்க. அதுவரைக்கும் தங்கத்தை அங்கிட்டு ஓட்டச் சொல்லுங்க."